தண்ணீர் நிற்கும் என்று நான் சொன்ன நாள்

எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "பன்னெண்டு வருஷம் ரிசார்ட்டுல இருந்தீங்களே, குடும்பத்தோட போனா எந்த ரூம் எடுக்கலாம்? கடல் மேல கட்டினதா, கரையில கட்டினதா?" மேல்வீட்டுக்காரர் கேட்கிறார். மருந்துக் கடையில் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு சாவு வீட்டில், மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகும் வண்டிக்காக எல்லோரும் வாசலில் நின்றிருந்தபோது, மாலையும் கையுமாக ஒருவர் என்னைத் தனியே அழைத்துக்கொண்டு போய் இதைத்தான் கேட்டார். எனக்குத் தெரியாது ஐயா. நான் தங்கியது ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை உள்ள இடத்தில். அந்த வெள்ளை மணலில் பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் உட்கார்ந்தது கிடையாது. வேலைக்காரர்கள் அங்கே உட்காரக் கூடாது என்பது சட்டம்.

நான் தீவில் தங்கியவன் அல்ல. தங்கியவர்களுக்குத் தண்ணீர் செய்து கொடுத்தவன். இப்போது நம் பக்கத்திலும் கடல்நீரைக் குடிநீராக்கும் வேலை வந்துவிட்டது. அதில் சேர்ந்திருக்கும் தம்பிகள் சிலர், "சூசை அண்ணே, உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க, எங்களுக்குப் பிரயோஜனப்படும்" என்று நச்சரித்தார்கள். எழுதுகிறேன். பிரயோஜனப்படுமா என்று தெரியாது.

பிறந்தது ராயபுரம். அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து, எண்ணூர் பக்கம் ஓர் ஆலையில் தண்ணீர் சுத்திகரிக்கும் பிரிவில் சேர்ந்தேன். பாய்லருக்குப் போகும் தண்ணீர் அது. உப்பு, சுண்ணாம்பு ஒரு துளி இருக்கக் கூடாது. இருந்தால் குழாய்க்குள் பொருக்குக் கட்டி எல்லாம் பாழாகிவிடும். பத்தொன்பது வருடம் அந்தப் பாய்லருக்குப் பால் மாதிரி பார்த்துப் பார்த்துத் தண்ணீர் கொடுத்தேன். ஷிஃப்ட் முடிந்து திருவொற்றியூர் வீட்டுக்கு வந்தால், என் மனைவி லாரிக்காகத் தெருமுனையில் குடங்களை வரிசை வைத்துவிட்டு நின்றிருப்பாள். எங்கள் தெருவில் குழாயைத் திறந்தால் மஞ்சளாக வரும், எண்ணெய் வாடையோடு. இதைப் பற்றி நான் யாரிடமும் சண்டை போட்டதில்லை. இப்போது நினைத்தால்தான் எரிச்சலாக வருகிறது.

அந்த ஆலையில் ஆள் குறைத்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. ஏஜென்ட் ஒருவர் மூலம் மாலத்தீவுப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் வேலை கிடைத்தது. தீவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இந்தக் கோடியில் தும்மினால் அந்தக் கோடியில் கேட்கும். ஆறு இல்லை, குளம் இல்லை, கிணறு தோண்டினால் உப்பு. குடிக்க, குளிக்க, துவைக்க, சமைக்க, செடிக்கு ஊற்ற, எல்லாம் நாங்கள் கடலிலிருந்து எடுத்துச் செய்த தண்ணீர்தான்.

எங்களுக்குத் தலைவர் ஞானமுத்து சார். தூத்துக்குடிக்காரர், கப்பலில் இன்ஜினியராக இருந்து கரை ஏறியவர், அப்போது ஐம்பத்தெட்டு வயது. அவர் கத்தி நான் கேட்டதில்லை. பம்ப் அறைக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றுவார். ஓடும் பம்ப்பின் மேல் இரண்டு விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகுதான் எங்கள் பக்கம் திரும்புவார். குட் மார்னிங் எல்லாம் கிடையாது. "எத்தன மீட்டர்?" என்பார். பெரிய தொட்டியில் தண்ணீர் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று கேட்கிறார். சுவரில் கம்ப்யூட்டர் திரை ஒன்று அதைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். அதைப் பார்த்துச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. தொட்டியின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. போய் அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

மணிக்கு ஒரு தடவை செய்ய வேண்டிய வேலைகளை அவர் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை, கூடவே நின்று செய்துகாட்டினார். கடல்நீர் மணல் வடிகட்டிக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வித்தியாசம் கூடினால் மணலைக் கழுவ வேண்டும். பிறகு பெரிய பம்ப். அதுதான் அந்தத் தண்ணீரை மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாக முட்டித் தள்ளுவது. உப்பு ஒரு பக்கம் நின்றுவிடும், நல்ல தண்ணீர் மறுபக்கம் சொட்டும். அதை மீட்டரில் பார்த்த பிறகும் ஒரு மடக்கு வாயில் வைத்துப் பார்க்கச் சொல்வார். "மீட்டரு சம்பளம் வாங்கல வே, நீரு வாங்குதீரு" என்பார். தொட்டியில் ஒரு மீட்டர் உயரத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தார். அதற்குக் கீழே உள்ளது தீ அணைக்க. மேனேஜரே வந்து கேட்டாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே கை வைக்க மாட்டார்.

இனி விருந்தினர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. குடும்பங்களுக்கான ரிசார்ட் அது. ஆமை வடிவத்தில் பிள்ளைகளுக்கு ஒரு குளம். அதற்குப் பக்கத்தில் சறுக்கு, சறுக்குக்கு மேலிருந்து நாளெல்லாம் நல்ல தண்ணீர் வழியும். சனிக்கிழமை தோறும் நுரைத் திருவிழா என்று ஒன்று வைப்பார்கள். பிள்ளைகளை நிற்க வைத்துக் கழுத்து வரை சோப்பு நுரையை அடிப்பார்கள், அப்புறம் ஒவ்வொன்றையும் கழுவுவார்கள். அந்த இடத்தில் செருப்புப் போடாமல் நடப்பதுதான் பெருமையாம், மேனேஜரே வெறுங்காலோடுதான் திரிவார். ஆகவே ஒவ்வொரு வில்லா வாசலிலும் ஒரு பானை, ஒரு கொட்டாங்கச்சி அகப்பை. ஒருவர் ஒரு நாளைக்கு இருபது தடவை உள்ளே போய் வெளியே வந்தால் இருபது தடவை காலைக் கழுவுவார். வெளியே உள்ள ஷவரைத் திறந்துவிட்டுப் புகைப்படம் எடுக்கப் போய்விடுவார்கள். கடலில் குளிப்பார்கள், உப்புப் போகக் குளிப்பார்கள், குளத்தில் குளிப்பார்கள், குளோரின் போகக் குளிப்பார்கள். நான் மாலையில் வீட்டுக்குப் போன் செய்தால், "நாளைக்கி லாரி வராதாம்" என்று என் மனைவி சொல்வாள்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

கடல்நீரைக் குடிநீராக்க எங்களிடம் இரண்டு மெஷின். முதல் மெஷினின் பம்ப்பை ஏற்கெனவே பிரித்துப் போட்டிருந்தோம். அதற்கு வேண்டிய உதிரிப் பாகத்தைக் கேட்டு சார் மாதக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தார், மேனேஜர் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். இந்த நிலையில் ஒருநாள் காலை இரண்டாவது பம்ப்பில் தண்ணீரை அடைத்து நிறுத்தும் சீல் கசிய ஆரம்பித்தது. ஓட்டிக்கொண்டே போனால் பம்ப்பே போய்விடும். நிறுத்தி, பிரித்து, சீலை மாற்றி, மறுபடி ஓட்ட ஆறு மணி நேரம் ஆகும்.

இதில் சிக்கல் என்னவென்றால், அதற்கு முந்தைய சீசனில் ஒருதரம் தண்ணீர் கலங்கலாக வந்து விருந்தினர்கள் புகார் செய்திருந்தார்கள். மேனேஜர் ஞானமுத்து சாரைக் கூப்பிட்டு, தண்ணீரைப் பற்றி இன்னொரு பேச்சு என் காதில் விழுந்தால் நீங்கள் ஊருக்குப் போகலாம் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார். அறுபதைத் தொடப் போகும் மனிதரை அப்புறம் யார் வேலைக்கு எடுப்பார்கள்? சார் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று காலை எங்களிடம் மட்டும் சொன்னார். "தொட்டில மூணரை மீட்டரு கெடக்கு. பத்து மணிக்கு எல்லாரும் போட்டுல மீன் பாக்கப் போயிருவாக. அப்ப நிறுத்துவோம். நாலு மணிக்குள்ள ஓட்டிரலாம். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

"மேனேஜருக்கு?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா நான் இன்னைக்கே போட்டு ஏறணும். அவ்வளவுதான்."

அவ்வளவு தெளிவாகச் சொன்னார். நான் குழந்தையல்ல, எனக்குப் புரிந்தது.

அந்த வாரம் தீவு முழுக்க நம்மூர் ஆட்கள். ஒரு பெயின்ட் கம்பெனி, அதிகம் விற்றுக் கொடுத்த கடைக்காரர்களைக் குடும்பத்தோடு அழைத்து வந்திருந்தது. இருபத்தெட்டுக் குடும்பம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், பொன்னேரி வரை ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்கள். வடக்குக் கரையில் ஒரே வரிசையில் அவர்களுக்கு வில்லா. அதில் ஒருத்தி கலா. திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் கடை. மாமனார் காலத்தில் தெற்கேயிருந்து வந்து கடை போட்ட குடும்பம், ஆனால் பேச்செல்லாம் நம் பேச்சு. முதல் நாள் நான் அவர்கள் வீட்டு ஷவரைச் சரி செய்யப் போனபோது, என் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு வார்த்தையில் கண்டுபிடித்துவிட்டாள். "அண்ணா, நீங்க நம்ம ஏரியாவா? இங்க வந்து இன்னாண்ணா பண்ணிகினு கீறீங்க?" என்று கேட்டுவிட்டு, டப்பாவைத் திறந்து முறுக்கு கொடுத்தாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது நான் நம்மூர் முறுக்கைத் தின்று.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் வாசலைத் தாண்டி பம்ப் அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவள் வெளியே நின்றிருந்தாள், கையில் வேர்க்குருவோடு சிணுங்கும் கைப்பிள்ளை. மாமியார் உள்ளே படுத்திருந்தார். அவர்கள் படகில் போகவில்லை.

"கொழந்தைக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குருண்ணா. மத்தியானம் இன்னொரு தபா குளிப்பாட்டணும்" என்றாள்.

நம் தெருவில் தண்ணீர் நிற்கப் போகிறது என்று ஒருவனுக்குத் தெரிந்து, அவன் பக்கத்து வீட்டில் சொல்லாமல் போனால், அதற்கப்புறம் அவன் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள். பிறந்ததிலிருந்து அப்படித்தான் வளர்ந்திருக்கிறேன். யோசிக்கவே இல்லை, வாய் சொல்லிவிட்டது.

"இப்பவே குளிப்பாட்டிடும்மா. பத்து மணிக்கு மேல ஒருவேளை தண்ணி நிக்கும். யார்கிட்டயும் சொல்லாதே."

"அய்யய்யோ, நான் ஏண்ணா சொல்லப்போறேன்" என்றாள்.

பத்து மணிக்கு மெஷினை நிறுத்தினோம். சார் பம்ப்பின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். பத்தரைக்கு நான் கண்ணாடிக் குழாயைப் பார்க்கப் போனேன். மூன்று மீட்டருக்கு வந்திருந்தது. எனக்குக் கண் கோளாறோ என்று துடைத்துவிட்டுப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. பத்தேமுக்காலுக்கு இரண்டரை. இருபத்தெட்டுக் குடும்பத்தில் பாதிப் பேர் படகில் போகவே இல்லை என்பதும், அவர்கள் எல்லோருக்கும் ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

வடக்குக் கரைக்கு ஓடினேன். அந்த வரிசையில் நான் கண்டதை இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எல்லா வில்லாவிலும் எல்லாக் குழாயும் திறந்திருந்தது. பாத்டப் நிரம்பியிருந்தது. ஐஸ் வைக்கும் வாளி, குப்பைக் கூடை, பிள்ளைகள் மணல்வீடு கட்டும் குட்டி வாளி, தேநீர் போடும் கெட்டில், பூ வைத்த கண்ணாடி ஜாடி, எதையும் விடவில்லை. ஒருவர் சூட்கேஸுக்குள் பிளாஸ்டிக் பையை விரித்து அதில் பிடித்துக்கொண்டிருந்தார். படகில் போனவர்களின் வில்லாவையும் திறக்கச் சொல்லி, அவர்களுக்கும் சேர்த்துப் பிடித்து வைத்திருந்தார்கள். என்ன ஒரு அக்கறை!

"கலா, யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னேன்ல?"

"யார்கிட்டயும் சொல்லலண்ணா. நம்ம ஆளுங்க கிட்டதான் சொன்னேன்" என்றாள், என்னை விசித்திரமாகப் பார்த்து. "ரெண்டு நாளிக்கி தாங்கும்ணா. உங்களுக்கு ஒரு பக்கெட்டு வேணுமா?"

திரும்பி வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு மணிக்கு மற்ற விருந்தினர்கள் கடலிலிருந்து திரும்புவார்கள், உப்புப் போகக் குளிப்பார்கள். ஒரு மணிக்கு முன்னால் சிவப்புக் கோடு வந்துவிடும். குழாய் காய்ந்தால் மேனேஜருக்கு ஐந்து நிமிடத்தில் போன் போகும். சார் பம்ப்பைப் பாதி பிரித்து, சீலை எடுத்துத் துணியில் வைத்திருந்தார்.

"எத்தன மீட்டர்?"

"ரெண்டுக்கும் கீழ சார்."

கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், முறுக்கு உட்பட. அடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "எல்லாரும் புடிச்சி வச்சிட்டாகளா? ஒரு வீடு பாக்கி இல்லியே?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"அப்பம் தண்ணி எங்கயும் போவல. தொட்டில இருந்து அவுக வீட்டுக்குப் போயிருக்கு. வடக்கு வால்வ மூடும்."

"வடக்கு வால்வையா சார்?" என்றேன்.

"மூடும் வே. அவுககிட்டத்தான் ரெண்டு நாளைக்கி இருக்குங்காகளே. இருக்கிறது மத்தவங்களுக்கு ஓடட்டும். ஆனா ஒண்ணு, அவுக யாரும் மேனேஜருக்குப் போன் பண்ணப்பிடாது. அது உம்ம வேல."

வடக்கு வரிசைக்கான வால்வை மூடிவிட்டு மறுபடி அங்கே போனேன். வாசல் வாசலாக, நாலு மணி வரை குழாய் வராது, யாரும் ரிசப்ஷனுக்குப் போன் செய்யாதீர்கள், ஒரு பெரிய மனுஷன் வேலை போய்விடும் என்று கெஞ்சினேன். திட்டினார்கள். தண்டையார்பேட்டைக்காரர் ஒருவர், "ஊர்லதான் இந்த பேஜாருன்னு பார்த்தா, ஏரோப்ளேன் ஏறி வந்தும் சொம்புல மோந்து ஊத்தணுமா?" என்று கத்தினார். ஆனால் ஒருவரும் போன் செய்யவில்லை. அந்தப் பெண்கள் அதற்குமேல் எனக்குப் பாடம் எடுத்தார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் கழிப்பறைக்கு, குளிக்க ஆளுக்கு அரை வாளி, குடிப்பதைத் தனியே மூடி வை. வேறு எந்த ஊர்க்காரரும் அந்த ஆறு மணி நேரத்தை அப்படி ஓட்டியிருக்க மாட்டார்கள். எனக்குக் கோபமும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

நாலேகாலுக்குப் பம்ப் ஓடியது. தொட்டியில் சிவப்புக் கோட்டுக்கு மேல் ஒரு சாண் இருந்தது. சார் பம்ப்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். பிறகு வடக்கு வால்வை அவரே போய்த் திறந்தார். மேனேஜர் அன்று மாலை வெறுங்காலோடு அந்தப் பக்கம் வந்து, எல்லாம் நலமா என்று கேட்டுவிட்டுப் போனார். நலம் என்றோம். அன்றிரவு சாருக்கும் எனக்கும் நல்ல தூக்கம்.

இதோடு முடித்திருந்தால் தம்பிகளுக்கு நல்ல கதையாக இருந்திருக்கும். முடியவில்லை.

விருந்தினர்கள் கிளம்பும்போது ஒரு படிவம் கொடுப்பார்கள். தங்கியது எப்படி, சாப்பாடு எப்படி, உங்களுக்கு மிகவும் உதவிய ஊழியர் யார். அது மேனேஜருக்குப் போகாது, நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போகும். கலா நல்லவள். மனதில் ஒரு துளி கள்ளம் கிடையாது. தன் பெரிய பெண்ணை உட்கார வைத்து, நல்ல ஆங்கிலத்தில், பக்கம் நிரம்ப எழுதச் சொல்லியிருக்கிறாள். சூசை என்ற ஊழியர் மிகவும் அன்பானவர், ஆறு மணி நேரம் தண்ணீர் நிற்கப் போவதை எங்களிடம் மட்டும் முன்கூட்டியே சொன்னார், அதனால் இருபத்தெட்டுக் குடும்பமும் ஒரு கஷ்டமும் இல்லாமல் இருந்தோம், அவருக்கு ஏதாவது செய்யுங்கள் என்று. மற்றவர்களிடமும் சொல்லி அதையே எழுத வைத்திருக்கிறாள். எங்கள் ரிசார்ட் வரலாற்றில் ஓர் ஊழியரைப் பற்றி அத்தனை பேர் எழுதியது அதுதான் முதல் தடவை.

பத்து நாள் கழித்து மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜைமேல் படிவங்கள். எந்த ஆறு மணி நேரம், யார் நிறுத்தச் சொன்னது, என்னிடம் ஏன் சொல்லவில்லை, விருந்தினரிடம் போய்ச் சொன்னது யார்? நான் வாயைத் திறப்பதற்குள் சார் சொல்லிவிட்டார். நிறுத்தியது நான், விருந்தினரிடம் சொல்லச் சொல்லி சூசையை அனுப்பியதும் நான், அவன் நான் சொன்னதைத்தான் செய்தான் என்று. நான் பக்கத்தில்தான் நின்றேன். இல்லை சார், அது என் வாய்க்கொழுப்பு என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். மேனேஜர் என் முகத்தைப் பார்த்தபோது நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன், அந்த ஒரு நிமிடத்துக்காக என்மேல் எனக்கு வந்த ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

மறுநாள் காலைப் படகில் சார் போனார். பெட்டியைத் தூக்கிக்கொடுக்கப் போனேன். "சார், நான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சொன்னா ரெண்டு பேரும்லா போட்டு ஏறியிருப்போம். இங்க மெஷின யாரு பாப்பாக? போம் வே, பத்து மணி ரீடிங் எடுக்கணும்" என்றார். அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஊரில் வேலை எதுவும் அமையவில்லை என்று தூத்துக்குடிக்காரர் ஒருவர் பின்னால் சொன்னார். அதற்குமேல் விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வாரம் தேரடியில் கலாவைப் பார்த்தேன். பை நிறையக் காய்கறி. தூரத்திலேயே அடையாளம் கண்டு, "அண்ணா! எப்ப வந்தீங்க? நல்லா கீறீங்களா?" என்று ரோடு என்றும் பார்க்காமல் கத்தினாள். பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களிடம், "நான் சொல்லிகினே இருப்பேன்ல, தீவுல நமக்குத் தண்ணி வுட்ட அண்ணன், இவர்தான்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப உங்களப் பத்தி எழுதிக் குடுத்தோமே, அந்த ரிசார்ட்காரன் உங்களுக்கு எதுனா பண்ணானா?"

"பண்ணாங்கம்மா" என்றேன். "எங்க சாரோட எடத்த எனக்குக் குடுத்தாங்க."

"பாத்தீங்களா!" என்று அவள் அந்தப் பெண்களிடம் திரும்பினாள். "நான் எழுதினதுதான்!"